மொழி புரியாத பாட்டில் நமக்கு என்ன இருக்கிறது?



இசை பற்றிய நமது தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஓர் இளைஞர் எழுந்து, "மொழியே புரியாத பாட்டைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டார். நேரம் போதாமல் அன்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டேன். நியாயமான கேள்வி என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே ஓர் இசைப்பதிவைப் பார்ப்போம். 1936-இல் லண்டனில் பதிவானது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கிளோட் டெபுஸ்ஸியின் 14 பாடல்கள். பாடியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மேகி டெய்ட். குரல், பெண்களின் உச்சக் குரலான சொப்ரானோ. பியானோ வாசித்தவர் அல்ஃபிரெட் கோர்ட்டோ.

கவிதைதான் முதலில்

இவ்வகைப் பாடலைப் பிரெஞ்சுக்காரர்கள் 'மெலோடி' என்பார்கள். ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு நல்ல கவிதைக்கு இசையமைப்பதே இதன் அடிப்படை. மெட்டுக்குச் சொல்லைத் திணிப்பதில்லை. சொல்லின் பேச்சோசையிலிருந்தே மெட்டு பிறக்கிறது. பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம்தான். பேச்சில் விழுங்கப்படும் கடைசி உயிரெழுத்துக்குக்கூடப் பாட்டில் இடம் உண்டு.

பியானோ வெறும் பக்கவாத்தியம் அல்ல என்பது அடுத்த சிறப்பு. கவிதை சொல்லாமல் விட்டதைப் பியானோ சொல்லும்.

குயில் அல்ல, நைட்டிங்கேல்

கவிஞர் வெர்லேன் எழுதிய காதல் கவிதை ஒன்றுக்கு டெபுஸ்ஸி 1890களின் தொடக்கத்தில் இசையமைத்தார். மாலை நேரம், மரநிழலில் காதலர் இருவர். நைட்டிங்கேல் பறவையின் கூவலைப் பியானோ முதலிலேயே வாசித்துவிடுகிறது.

1904-இல் அதே கவிஞரின் வேறொரு கவிதையை எடுத்தார். பனியில் உறைந்த பழைய பூங்காவில் இரண்டு ஆவிகள் பேசிக்கொள்கின்றன. ஓர் ஆவி பழைய காதலை நினைவூட்டுகிறது. மற்றதோ அதை நினைக்கவே விரும்பவில்லை. அந்த இடத்தில் பத்தாண்டுகளுக்கு முந்திய பாட்டின் அதே பறவையின் இசை பியானோவில் மெல்லத் திரும்பி வருகிறது. வாய் மறுக்கிறது, பியானோ மறக்கவில்லை! இரண்டு பாடல்களுமே இந்தப் பதிவில் உள்ளன.

மறு வாழ்வு தந்த இசைத்தட்டு

1888-இல் பிறந்த டெய்ட், பாரிசில் இசை பயின்றவர். 1908-இல், இருபது வயதில், டெபுஸ்ஸியின் இசை நாடகத்தில் நாயகி மெலிசாந்தாக நடித்தார். அந்தப் பாத்திரத்துக்கு அவரைத் தயார்படுத்தியவர் டெபுஸ்ஸியே. ஆனால் 1930களில் வாய்ப்புகள் குறைந்து, கேளிக்கை அரங்குகளில் பாடும் நிலைக்கு வந்துவிட்டார். அப்போது வந்ததுதான் இந்தப் பதிவு. அதன்பின் அவர் பெயர் மீண்டும் எழுந்தது. 1948-இல், ஏறக்குறைய 60 வயதில், நியூயார்க்கில் மறுபடியும் மெலிசாந்தாகவே மேடையேறினார். 1976-இல் மறைந்தார்.

காலமும் கைகொடுத்தது எனலாம். அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே அடங்கும். இப்பாடல்களில் பலவும் அந்த அளவே. 1925 முதல் ஒலிவாங்கி மூலம் பதிவு செய்யும் முறை வந்துவிட்டதால், முணுமுணுப்பு போன்ற மென்மையான குரலும் பதிவானது. அதற்கு முன் பாடகர்கள் பெரிய புனலுக்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தது.

எப்படிக் கேட்பது?

முதலில் கவிதையின் பொருளை ஆங்கிலத்திலாவது படித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பியானோவை மட்டும் கவனியுங்கள். அடுத்து, குரல் எந்தச் சொல்லில் தயங்குகிறது என்று பாருங்கள். தட்டின் கரகரப்பு முதல் நிமிடத்தில் தொல்லை தரும், பிறகு பழகிவிடும்.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: பொருளைப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த ஆவி ஏன் மறுக்கிறது என்பதை மட்டும் நீங்களே காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.