சிவப்பென்றால் மீனா?

கிராண்ட்பாஸ் வீதியைக் கடந்து வடக்கே சற்றுத் தூரம் சென்றால் மோதரையின் மீன் வாடை நம்மை எதிர்கொள்ளும். அங்கு கட்டி நிற்கும் படகுகளுள் மீன்தேடும் கருவி பொருத்திய ஒன்றில் ஏறிப் பார்ப்போமாயின், நீலமும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு திரை மினுங்கும். சிறுவன் எவனோ வர்ணத்தைக் கொட்டிவிட்டான் போலும் என்று தோன்றும். ஆயினும் அந்நிறம் ஒவ்வொன்றும் ஓர் அளவைக் குறிப்பதாகும்.

படகின் அடியிலிருந்து கருவி ஒலித்துடிப்பு ஒன்றைக் கீழே அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். செக்கனிற் பத்திலொரு பங்கில் எதிரொலி மீண்டால் ஆழம் 75 மீற்றர். இக்கணக்கை மாணவர் எவரும் செய்துவிடுவர். ஒலியைத் திருப்பியனுப்பிய பொருள் யாது என அறிவதே கடினம்.

நோர்வேயின் 'டாக்டர் பிரிட்ஜோவ் நான்சன்' என்னும் ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கைக் கடலில் மீன்வளத்தை அளந்தது. அக்காலக் கருவிகள் எதிரொலியைக் காகிதச் சுருளிற் கருங்கோடுகளாக வரைந்தன. சாம்பல் நிறத்தின் சில சாயல்களையே நம் கண் ஐயமின்றிப் பிரித்தறியும். ஆகவே, அடர்ந்த மீன் கூட்டமும் ஐதான கூட்டமும் ஒரே கரும்பட்டையாகத் தெரிதல் கூடும். அதே பெயர் கொண்ட புதிய கப்பல் 2018இல் இங்கு வந்தபோது வர்ணத் திரைகளின் காலம் பிறந்துவிட்டது. வலிய எதிரொலி சிவப்பு, அடுத்தது மஞ்சள், பின்னர் பச்சை, மெலிந்தது நீலம். பெரும்பாலான கருவிகளின் முறை இதுவே.

அவ்வாறாயின், சிவப்பைக் கண்டதும் வலையை இறக்கலாமா? இறக்கினால் எரிபொருளும் உழைப்பும் வீணாகலாம். கடினமான கடற்படுகையும் சிவப்பாகவே தோன்றும். கருவியின் உணர்திறன் திருகியை மிகையாகத் திருப்பினாலோ, வெறும் நுண்ணுயிர்ப் படலமும் சிவந்துவிடும்! மறுபுறம், மீனின் வலிய எதிரொலி பெரும்பாலும் அதன் காற்றுப்பையிலிருந்தே எழுகின்றது. வரிச்சூரைக்கு அப்பை இல்லை. எனவே நல்ல சூரைக் கூட்டமொன்று மெலிந்த நிறத்திலே நழுவிப் போகவும் கூடும். படுகையை ஒட்டிக் கிடக்கும் மீனைப் பிரித்துக் காட்டச் சில கருவிகள் தரையின் விளிம்பில் வெண்கோடு இடுகின்றன. இது மிக நல்ல யுக்தி என்பது நம் எண்ணம்.

இன்னுமொரு சங்கடம் உண்டு. ஆண்கள் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாது. அது பிறவியிலேயே வருவது. அத்தகையோர் திரையைக் கவனிக்கும்போது ஒரே நிறத்தின் ஒளியை மட்டும் கூட்டியும் குறைத்தும் காட்டும் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். பல கருவிகளில் அவ்வசதி உண்டு. விசையை அழுத்துமுன், தம் கண்ணின் குறையை அவர் அறிந்திருக்க வேண்டுமே!