பத்து நாள் டீச்சர்கள்... பதினோராம் நாள் எங்கே போகிறார்கள்?

கோடை விடுமுறை விட்டதும் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்து தேவாலய வளாகங்கள் காலையிலேயே களைகட்டிவிடும். வி.பி.எஸ் என்று எல்லோரும் சொல்லும் விடுமுறை வேதாகமப் பள்ளி ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வேப்பமரத்தடியில் ஒரு வகுப்பு, ஆலய வராந்தாவில் ஒரு வகுப்பு. ஆடிப் பாடும் ஆக்‌ஷன் சாங், படம் காட்டிச் சொல்லும் கதை, மனப்பாட வசனம், இடைவேளையில் ஜூஸோ சுண்டலோ. பக்கத்துத் தெருவில் சர்ச்சுக்கே வராத வீடுகளின் வாண்டுகளும் கூட்டத்தோடு வந்து உட்கார்ந்துவிடும்.

இத்தனை பிள்ளைகளையும் கட்டி மேய்ப்பது யார்? ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களும் காலேஜ் லீவில் ஊருக்கு வந்தவர்களும்தான். அந்தப் பத்து நாளும் அவர்கள்தான் 'டீச்சர்'. முந்தின இரவு உட்கார்ந்து கதையைத் தயார் செய்வார்கள், சார்ட் வெட்டுவார்கள், அழுகிற குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அதே ஆலயத்தை ஜூலையில் ஒரு சாதாரண ஞாயிறு ஆராதனையில் பார்த்தால் காட்சி மாறியிருக்கும். முன்வரிசையில் தாத்தா பாட்டிகள், ஓரத்தில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள். நடுவில் இருக்க வேண்டிய பதினேழு முதல் இருபத்தைந்து வயது வரிசை மட்டும் மெலிந்திருக்கும்.

ஞாயிறு யாருக்கு லீவு?

பழியை மொத்தமாக செல்போன் மேல் போடுவது சுலபம். ஆனால், ஞாயிறு பள்ளி பிறந்த கதையே வேறொன்றைச் சொல்கிறது. 1780-ல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாளர் ஏழைப் பிள்ளைகளுக்காக அதை ஆரம்பித்தார். வாரத்தின் ஆறு நாளும் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொள்ள மிச்சம் இருந்தது ஞாயிறு மட்டும்தான். இன்றைய பிள்ளைக்கு அந்த ஞாயிறும் மிச்சமில்லை. நீட் கோச்சிங், ஸ்பெஷல் கிளாஸ், மாதிரித் தேர்வு எல்லாம் ஞாயிறு காலையில்தான் வந்து விழுகின்றன. 'ரெண்டு வருஷம்தானே, அப்புறம் சர்ச்சுக்குப் போய்க்கலாம்' என்று அனுப்பி வைப்பது பெரும்பாலும் பெற்றோர்தான். பிள்ளை சர்ச்சுக்கு வருவதில்லை என்று பிறகு ஐயரிடம் போய் வருத்தப்படுவதும் அவர்களேதான்!

சி.எஸ்.ஐ சபைகளில் பதின்வயதில் திடப்படுத்தல் ஆராதனை நடக்கும். பல வாரம் வகுப்பு, பேராயர் வருகை, வெள்ளைச் சேலை, புதுச் சட்டை, முதல் நற்கருணை, குடும்ப போட்டோ. சபையின் முழு அங்கத்தினராகும் நாள் அது. ஆனால், பல வீடுகளில் அது பள்ளி இறுதி வகுப்புப் பிரிவு உபசார விழாபோல ஆகிவிடுகிறது. அங்கத்தினராகிவிட்டாய், சரி. அடுத்த வாரம் உனக்கு என்ன வேலை? அதை யாரும் சொல்வதில்லை.

28 வயதில் ஒரு சங்கம்

இதே மண்ணில் நிலைமை ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்திருக்கிறது. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி.எஸ்.அசரியா, ஒய்.எம்.சி.ஏ-வில் பொறுப்புக்கு வந்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றபோது அவருக்கு 28 வயது. வெளிநாட்டுப் பணத்தையும் ஆளையும் எதிர்பார்க்காமல், நம் ஊர்க் காணிக்கையில் நம் ஆட்களையே அனுப்ப வேண்டும் என்று கிளம்பிய சங்கம் அது. 1912-ல் அவர் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இன்னொரு உதாரணம் வி.பி.எஸ்-ஸிலிருந்தே வருகிறது. 1959-ல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த நண்பர் சுவிசேஷ ஜெபக் குழு, விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஈடுபட்ட இளைஞர்களின் ஜெபக் கூட்டங்களிலிருந்து முளைத்தது. பத்து நாள் டீச்சர்கள் பதினோராம் நாளும் கூடினார்கள், அவ்வளவுதான். பின்னாளில் அது வடமாநிலங்கள் வரை ஊழியர்களை அனுப்பும் அமைப்பானது.

இந்தத் தலைமுறையின் திறமையும் ஒருமுறை நன்றாகவே தெரிந்தது. 2020 ஊரடங்கில் ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, ஐயரின் பிரசங்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது யார்? மொபைலை ஸ்டாண்டில் மாட்டி, சத்தத்தைச் சரிசெய்து, யூடியூபில் ஏற்றிய பையன்களும் பொண்ணுகளும்தான். ஆலயம் திறந்த பிறகு பல இடங்களில் அவர்களுக்கு மிஞ்சியது அந்த கேமரா மட்டுமே. கமிட்டியில் நாற்காலி கிடைக்கவில்லை. வரவு செலவு எப்படிப் போகிறது என்று கேட்டால் 'உனக்கு எதுக்குப்பா அது?' என்ற பதில்தான். திருமண்டலத் தேர்தல் தகராறுகள் நீதிமன்றம் வரை போவதையும் அவர்கள் வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பாட்டுச் சண்டை தனிக்கதை. கீர்த்தனைதான் வேண்டும் என்று பெரியவர்கள், கிட்டார் வேண்டும் என்று சின்னவர்கள். உண்மையில் நான்கு குரலில் ஞானப்பாட்டு பாடும் பாடகர் குழுவில் சேர்ந்த பிள்ளைகள் பலர் அதை விடுவதில்லை. கஷ்டமாக இருந்தாலும், தன் குரல் இல்லாவிட்டால் பாட்டு ஓட்டை விழும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டில் பிள்ளை 'கடவுள் இருந்தா ஏன் இப்படி நடக்குது?' என்று கேட்டால், 'அப்படியெல்லாம் பேசக் கூடாது' என்று வாயை அடைத்துவிடுகிறோம். அந்தக் கேள்வி எங்கும் போய்விடாது, யூடியூபுக்குப் போகும். அங்கே பதில் சொல்ல ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். 'எனக்கும் தெரியல, ஐயர்கிட்ட கேட்போமா?' என்று அப்பா சொன்னால், பிள்ளைக்குத் துணையாக அப்பாவாவது இருப்பார்.

அடுத்த பிரச்னை பஸ் ஏறுவதில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று கிளம்பிவிடுகிறார்கள். ஊர்ச் சபை பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. போன ஊரில் எந்த ஆலயம் பக்கம், அங்கே யாரைத் தெரியும் என்று ஒரு போன் நம்பரை எழுதிக் கையில் கொடுத்தனுப்பும் சபைகள் குறைவு. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஆனாலும் அசனப் பண்டிகை என்றால் அவர்களில் பலர் லீவு போட்டு ஊருக்கு வந்துவிடுவார்கள். முந்தின ராத்திரி முழுக்க ஆலய வளாகத்தில் காய் நறுக்கும் சத்தம். வெங்காயம் உரித்துக் கண்ணெல்லாம் சிவந்து, சோறு வடித்து, வாளி தூக்கிப் பந்தி பரிமாறி, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அன்றிரவே பஸ் ஏறுவார்கள். அங்கே யாரும் அவர்களை வரச் சொல்லிக் கெஞ்சுவதில்லை. வாளியைக் கையில் கொடுத்து, 'அந்த வரிசையைப் பாத்துக்கோ' என்கிறார்கள்.