நிரல் எழுதுவோரின் உரைதிருத்தி: அதன் உபயோகமும் பரிசோதனையும்

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் ஓர் எழுத்தை மாற்றிக் கோத்துவிட்டால் பெருங்கேடு ஒன்றும் விளைந்துவிடுவதில்லை. படிப்பவர் அப்பிழையைக் கண்டு, தம் மனத்திற்குள்ளேயே திருத்திக்கொண்டு மேலே செல்வார். கணிப்பொறிக்கு இத்தகைய பெருந்தன்மை கிடையாது. அதற்கென எழுதப்படும் கட்டளைத் தொகுதியில், அதாவது நிரலில், ஒரு காற்புள்ளி அரைப்புள்ளியாக மாறினாலும், கண்ணுக்குப் புலப்படாத ஒரு வெற்றிடம் கூடினாலும், நிரல் ஓடாமல் நின்றுவிடக்கூடும். அல்லது, அதனினும் கொடிதாக, தவறான விடையைச் சரியான விடைபோலத் தந்துகொண்டே இருக்கக்கூடும்.

இத்தகைய நிரல்களை எழுதவும் திருத்தவும் பயன்படும் கருவி உரைதிருத்தி எனப்படும். இதுவும் ஒரு நிரலே. கடிதமும் நூலும் எழுதப் பயன்படும் சொற்செயலியினின்று இது வேறுபட்டது. சொற்செயலி எழுத்தின் அளவு, தடிப்பு, பத்தியின் அமைப்பு முதலியவற்றையும் கோப்பில் சேர்த்து வைக்கும். உரைதிருத்தி, எழுதியவர் இட்ட எழுத்துக்களை மட்டுமே வைக்கும். எழுதியவர் கேளாத மாற்றம் எதனையும் செய்யாதிருத்தலே இதன் முதற் கடமை. அக்கடமையை இக்கருவி நிறைவேற்றுகின்றதா என்பதை எவ்வாறு அறிவது? அதனையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அட்டையிலிருந்து திரைக்கு

தொடக்கக் காலத்தில் பல நிரல்கள் துளை அட்டைகளில் எழுதப்பட்டன. ஓர் அட்டையில் 80 எழுத்துக்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. ஒரு வரியைத் திருத்த வேண்டுமாயின், புதிய அட்டையில் துளையிட்டு, பழைய அட்டையை உருவிவிட்டு, அவ்விடத்தில் இதனைச் செருக வேண்டும். கட்டு கைதவறி விழுந்தால் நிரலின் வரிசையே சிதறிவிடும்.

1960களின் முற்பகுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் டான் மர்ஃபி என்பவர், துளையிட்ட காகித நாடாவில் உள்ள உரையைத் திருத்துவதற்கென ‘டீகோ’ என்னும் நிரலை இயற்றினார். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், யூனிக்ஸ் அமைப்புக்காக ‘எட்’ என்னும் உரைதிருத்தியை எழுதினார். உரையைத் திரையில் காட்டாது, கேட்ட வரியை மட்டும் தட்டச்சுப் பொறியில் அச்சிட்டுத் தருவது அதன் முறை. பிழை நேர்ந்தால் அது தரும் விடை ஒரு கேள்விக்குறி மட்டுமே. 1976இல் பெர்க்லியில் பில் ஜாய், உரை முழுவதையும் திரையில் காட்டும் ‘வீஐ’ என்னும் கருவியை ஆக்கினார். அதே ஆண்டில் மாசசூசெட்ஸில், டீகோவின் மீது கட்டப்பட்ட ‘ஈமாக்ஸ்’ தோன்றியது. வீஐயின் வழிவந்த ‘விம்’ என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்டார். அவர் 2023இல் மறைந்தார். அவர் ஆக்கிய கருவி இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது.

உபயோகிக்கும் முறை

வீஐயின் அமைப்பு விந்தையானதாகத் தோன்றக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. ஜாய் பணிசெய்த காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துக்களே வந்து சேர்ந்தன. 24 வரியும், வரிக்கு 80 எழுத்தும் கொண்ட திரையில் 1,920 இடங்கள் உள்ளன. திரை முழுவதையும் ஒருமுறை நிரப்ப ஒரு நிமிடத்திற்கு மேலாகும். எனவே குறைந்த விசைகளைக் கொண்டு நிறைந்த வேலையை முடிக்கும் வழி தேவைப்பட்டது.

இக்கருவிக்கு இரு நிலைகள் முக்கியமானவை. எழுதும் நிலையில், அழுத்தும் விசையின் எழுத்து உரையில் சேரும். கட்டளை நிலையில், அதே விசை ஒரு கட்டளையாகும். ‘டி’ என்பது நீக்குக என்னும் கட்டளை. ‘டபிள்யூ’ என்பது சொல்லைக் குறிக்கும். இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினால், இடஞ்சுட்டி நிற்கும் இடத்திலிருந்து ஒரு சொல் நீங்கும். முன்னே 3 என்னும் எண்ணைச் சேர்த்தால் மூன்று சொற்கள் நீங்கும். வினையும், செயப்படுபொருளும், எண்ணும் கூடி வாக்கியம் அமைவதைப் போன்றதே இது. சில வினைகளையும் சில பெயர்களையும் கற்றவர், அவற்றை இணைத்து நூற்றுக்கணக்கான கட்டளைகளைத் தாமே ஆக்கிக்கொள்ள இயலும்.

புதிதாகப் பழகுவோர், எழுதும் நிலையில் இருப்பதாக எண்ணிக் கட்டளை நிலையில் விசைகளை அழுத்திவிட்டு, உரை அலங்கோலமாவதைக் கண்டு திகைப்பதுண்டு. அப்போது கைகொடுப்பது ‘யு’ என்னும் விசை. அது கடைசியாகச் செய்ததை நீக்கி முன்னிருந்த நிலையை மீட்டுத் தரும். அம்மீட்பு பிழையற்றதாயிருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

உள்ளே நிகழ்வது யாது?

கணிப்பொறியின் நினைவகம், வரிசையாக அமைந்த சிற்றறைகளைப் போன்றது. 10 இலட்சம் எழுத்துக்கள் கொண்ட உரையின் தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் செருகுவதாகக் கொள்வோம். பின்னுள்ள எழுத்துக்கள் யாவற்றையும் ஓர் அறை தள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு விசைக்கும் இவ்வாறு செய்தல் வீண் உழைப்பாகும்.

இதனைத் தவிர்க்க இரு முறைகள் புகழ்பெற்றவை. முதலாவது இடைவெளி முறை. இடஞ்சுட்டி நிற்கும் இடத்தில் வெற்றறைகள் சிலவற்றை விட்டு வைப்பர். புதிய எழுத்துக்கள் அவ்வெற்றறைகளில் அமரும். மற்றவை அசைய வேண்டுவதில்லை. எழுதுபவர் வேறோரிடத்திற்குச் சென்று எழுதத் தொடங்கினால் மட்டும் இடைவெளியை அங்கே நகர்த்துவர். ஈமாக்ஸ் இம்முறையைக் கையாள்கின்றது.

இரண்டாவது துண்டுப் பட்டியல் முறை. இதில் மூல உரை ஒருபோதும் தொடப்படுவதில்லை. புதிதாக எழுதுவன யாவும் தனியே ஓரிடத்தில் சேரும். ‘மூலத்தின் முதல் 40 எழுத்து, பிறகு புதியதில் 6 எழுத்து, பிறகு மூலத்தின் எஞ்சிய பகுதி’ என்று ஒரு பட்டியல் மட்டுமே மாறும். பழைய பட்டியலை மீட்டால் பழைய உரையும் மீளும். 1974இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான ‘பிராவோ’ இம்முறையைப் பின்பற்றியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘விஷுவல் ஸ்டுடியோ கோட்’ 2018இல் இதனை ஒரு மர அமைப்புடன் இணைத்து மேற்கொண்டது.

இரு முறைகளிலும் பிழை ஒளிந்திருக்கும் இடம் ஒன்றே: எல்லைகள். வெற்றுக் கோப்பு, முதல் எழுத்து, கடைசி எழுத்து, இடைவெளியின் விளிம்பு, இரு துண்டுகள் சேருமிடம் ஆகியவற்றில் எண்ணிக்கை ஒன்று பிசகினால் ஓர் எழுத்து மறையும், அல்லது இரட்டிக்கும். ஆதலின் சோதனையாளர் முதலில் நாடுவது இவ்வெல்லைகளையே.

முதற் சோதனை: தொடாததைத் தொடாமை

கோப்பைத் திறந்து, ஒன்றும் செய்யாமல் சேமித்து, முன்னிருந்த கோப்புடன் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடுதல் மிக எளிய சோதனை. இரண்டும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இதில் தவறும் கருவிகள் உண்டு. அவை உதவுவதாக எண்ணித் தவறுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கிய ‘மேக்’ என்னும் கருவிக்குரிய கோப்பில், கட்டளை வரி ஒவ்வொன்றும் ‘டேப்’ என்னும் குறியுடன் தொடங்குவது விதி. ஓர் உரைதிருத்தி அக்குறிக்குப் பதிலாக எட்டு வெற்றிடங்களை இட்டுவிட்டால், திரையில் வேற்றுமை ஏதும் தெரியாது. ஆயினும் மேக் அக்கோப்பை ஏற்க மறுத்துவிடும்.

வரியின் முடிவும் அத்தகையதே. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகள் வரி முடிவை ஒரு குறியால் காட்டுகின்றன. விண்டோஸ் இரு குறிகளால் காட்டுகின்றது. யூனிக்ஸ் நிரலொன்றின் முதல் வரியில், அதனை ஓட்ட வேண்டிய மற்றொரு நிரலின் பெயர் இருப்பது வழக்கம். அவ்வரியின் ஈற்றில் மிகைக்குறி ஒன்று சேர்ந்துவிட்டால், அக்குறியும் பெயரின் பகுதியாகவே கொள்ளப்படும். அப்பெயரில் நிரல் ஏதும் இல்லையாதலின், கண்ணெதிரே இருப்பதையே ‘காணவில்லை’ என்று கணிப்பொறி அறிவிக்கும். காரணம் தெரியாது பொழுதை வீணாக்கியோர் பலர்.

இரண்டாம் சோதனை: செய்தலும் நீக்கலும்

மனிதர் எண்ணிப் பார்த்து எழுதும் சோதனைகள், அவர் எண்ணிப் பார்த்த பிழைகளை மட்டுமே பிடிக்கும். எண்ணாதவற்றைப் பிடிக்கத் தற்செயல் முறை உதவுகின்றது. உரைதிருத்தியின் பக்கத்தில், மிக எளிய முறையில் இயங்கும் ஒப்புரை ஒன்றை வைத்துக்கொள்வர். அது மெதுவாக இயங்கலாம். பிழையின்றி இயங்கினால் போதும். பின்னர், ‘இங்கே செருகு, அங்கே நீக்கு’ எனப் பல்லாயிரம் கட்டளைகளைத் தற்செயலாகப் பிறப்பித்து இரண்டிற்கும் தருவர். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பொறியே ஒப்பிடும். முடிவில், செய்தவை யாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால், தொடக்க உரை அப்படியே கிடைக்க வேண்டும்.

வேறுபாடு தோன்றினால், அதே கட்டளை வரிசையை மீண்டும் பிறப்பிக்கத்தக்க எண்ணைக் குறித்து வைத்திருப்பது அவசியம். பிறகு வரிசையில் பாதியை விலக்கிப் பார்ப்பர். பிழை நீடித்தால் எஞ்சியதிலும் பாதியை விலக்குவர். இவ்வாறு குறுக்கிக்கொண்டே சென்றால், நாலாயிரம் கட்டளைகள் பெரும்பாலும் நாலைந்தாகச் சுருங்கும். பிழையின் இருப்பிடமும் வெளிப்படும்.

பொருளற்ற உள்ளீடு தந்து சோதிக்கும் முறைக்குச் சுவையான வரலாறு உண்டு. 1988இல், புயலுடன் மழை பெய்த ஓரிரவில், விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் தம் வீட்டிலிருந்து தொலைபேசி வழியே கணிப்பொறியை இயக்கிக்கொண்டிருந்தார். கம்பியில் ஏற்பட்ட இரைச்சலால் பொருளற்ற எழுத்துக்கள் புகுந்தன, நிரல்கள் செயலிழந்தன. இதனை ஆராய விரும்பிய அவரும் அவருடைய மாணவர்களும், யூனிக்ஸ் வகைகள் பலவற்றில் ஏறத்தாழ 90 நிரல்களுக்குத் தற்செயல் எழுத்துக்களை ஊட்டினர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செயலிழந்தது அல்லது அசையாது நின்றது. இம்முடிவுகள் 1990இல் வெளியாயின.

மூன்றாம் சோதனை: மின்சாரம் நின்றால்

பழைய கோப்பின் மேலேயே புதிய உரையை எழுதும் கருவி, முதலில் அக்கோப்பை வெறுமையாக்கிவிடுகின்றது. அத்தருணத்தில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஒரு நாள் உழைப்பன்று, ஓராண்டு உழைப்பும் அக்கணத்தில் அழியலாம். நற்கருவி புதிய உரையை வேறொரு பெயரில் எழுதி, அது வட்டில் உண்மையாகவே பதிவாகியதை உறுதி செய்துகொண்டு, அதன் பின்னரே பழைய பெயரை அதற்குச் சூட்டும். எக்கணத்தில் தடை நேரினும் முழுமையான கோப்பொன்று எஞ்சும். விம் இதற்கு மேலும் ஒரு காப்பு வைத்துள்ளது. வேறு அமைப்புச் செய்யாவிடின், 200 எழுத்துக்கள் அடித்தவுடனோ, 4 நொடி ஓய்ந்திருந்தவுடனோ, செய்த மாற்றங்களைத் தனிக் கோப்பொன்றில் பதிந்துவிடுகின்றது.

இதனைச் சோதிப்போர், சேமிக்கும் செயலின் ஒவ்வொரு படியிலும் கருவியை வலிந்து நிறுத்தி, எஞ்சிய கோப்பு முழுமையாயுள்ளதா எனப் பார்ப்பர்.

நான்காம் சோதனை: தமிழ் எழுத்து

ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும் என்று எண்ணி ஆக்கப்பட்ட கருவிகள் இந்திய மொழிகளில் இடறுகின்றன. ‘கொடு’ என்னும் சொல்லில் நாம் காண்பவை இரண்டு எழுத்துக்கள். யூனிகோடு முறையில் அவை நான்கு குறிகள், யூ.டி.எஃப்-8 என்னும் பதிவு முறையில் 12 பைட்டுகள். இடஞ்சுட்டி ‘கொ’வின் நடுவே போய் நிற்றலும், நீக்கும்போது பைட்டு ஒன்று மட்டும் நீங்கி எஞ்சியது சிதைதலும் பிழைகளாம்.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. ‘கொ’ என்பதைக் ககரமும் ஒகரக் குறியும் என இரு குறிகளாகவும் பதியலாம். ககரமும், கொம்பும், காலும் என மூன்று குறிகளாகவும் பதியலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், கண்ணுக்கும் ஒன்றே. தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் பயனுடையது. ஆனால் சேமிக்கும்போது ஒன்றை மற்றொன்றாக மாற்றலாகாது. நிரலில் மேற்கோளுக்குள் உள்ள சொற்களைப் பல நிரல்மொழிகள் குறிக்குக் குறி ஒப்பிடுவதால், அவ்வொப்பீட்டின் விடையே மாறிவிடும். தொடாததைத் தொடாமை என்னும் விதி இங்கும் பொருந்துவதைக் காண்க.

வாசகர் செய்யத்தக்கது

இச்சோதனைகளுள் சிலவற்றை எவரும் செய்து பார்க்கலாம். முக்கியமான கோப்பின் படி ஒன்றை எடுத்துக்கொள்க. அதனைத் திறந்து, மாற்றாமல் சேமித்து, மூலத்துடன் ஒப்பிடுக. யூனிக்ஸ் வகை அமைப்புகளில் ‘சிஎம்பி’ என்னும் கட்டளை இதனைச் செய்யும். ஒத்திருந்தால் ஒன்றும் சொல்லாது. பிறகு இருபது மாற்றங்களைச் செய்து, இருபதையும் நீக்கிச் சேமித்து, மீண்டும் ஒப்பிடுக. தமிழ்ச் சொற்கள் சிலவற்றை இடையில் செருகி, இடஞ்சுட்டியை எழுத்தெழுத்தாக நகர்த்திப் பார்க்க. படியின் மீது இச்சோதனைகளில் தேறிய கருவியிடமே மூலத்தை ஒப்படைத்தல் தகும்.