பஞ்சத்தின் கணக்கும் பாட்டின் கணக்கும்

பெருவெள்ளமோ தீ விபத்தோ நெரிசலோ நேர்ந்து பல உயிர்கள் பலியானால், மறுநாள் நம் நாட்டில் இரண்டு செயல்கள் தவறாமல் நடைபெறுகின்றன. அரசு இழப்பீட்டுத் தொகையை அறிவிக்கிறது. கவிஞர்கள் இரங்கற்பா எழுதுகிறார்கள். முதலாவதன் பயன் எவருக்கும் விளங்கும். இரண்டாவதால் யாருக்கு என்ன நன்மை? அடுப்பு எரியாத வீட்டின் முன் நின்று பாட்டுப் பாடுவது எந்த வகையில் உதவி? பொருளாதாரம் கற்பித்தே காலம் கழித்தவன் என்பதால், இக்கேள்வியை அற்பமானதென்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. விடை தேட வேண்டுமானால், தமிழகம் கண்ட மிகப் பெரிய பொதுத் துயரங்களுள் ஒன்றான தாது வருடப் பஞ்சத்துக்குத்தான் போக வேண்டும். எண்களும் பாட்டுகளும் ஒருங்கே கிடைக்கும் களம் அது.

இறப்புக்கு இரங்கிப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. கையறுநிலை என்று அதற்கொரு துறையே வகுத்தவர்கள் நம் முன்னோர். பாரி மாய்ந்தபோது கபிலரும் பாரியின் மகளிரும் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. ஆனால், அவை ஒரு தலைவனின் இழப்பைப் பாடியவை. பாடியவருக்கு இறந்தவரைத் தெரியும். கேட்டவருக்கும் அவன் பெயர் தெரியும். ஊரும் பேரும் தெரியாத லட்சக்கணக்கானோர் மடியும்போது எவ்வாறு பாடுவது? இந்த இடர்ப்பாட்டை 19ஆம் நூற்றாண்டின் பஞ்சங்கள் தமிழ்ப் புலவர்கள் முன் வைத்தன.

1876இல் பருவமழை பொய்த்தது. தொடர்ந்து 1878 வரை தென்னிந்தியாவைப் பஞ்சம் வாட்டியது. இந்தியாவில் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சமாக இருந்த சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881இல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது. இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் சேர்ந்த குறைவு இது. பிழைப்புத் தேடி இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர் கூட்டம் அந்த ஆண்டுகளில் பெருகியது.

இத்தனைக்கும் நடுவே, 1877 ஜனவரி 1ஆம் தேதி தில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்தார் வைஸ்ராய் லிட்டன். இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியும் நின்றுவிடவில்லை. நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் நாள் முழுதும் மண் சுமப்பவருக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் அதற்குமேல் சிறு காசும் போதும் என்று வரையறுத்தார். அந்த அளவு உழைக்கும் உடலைத் தாங்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. சென்னையில் இன்றும் நாம் கடந்து செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, இந்தப் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டதே.

இந்தச் செய்திகளையெல்லாம் நாம் அறிவது ஆவணங்களின் வழியாக. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகளாகப் பஞ்ச வரலாற்றை எழுதினார். பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதையொட்டிப் பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் உருவாயின. இவை பெரும்பணிகள். எண்ணாமல் நிவாரணம் இல்லை. எண்ணிக்கை இல்லாவிட்டால் ஆட்சியாளரைக் கேள்வி கேட்கவும் வழியில்லை. எண்களை இழிவாகப் பேசிக் கவிதையை உயர்த்துவது எனக்கு உடன்பாடன்று. ஆனால், இந்த ஆவணங்களை எழுதியவர்கள் கஞ்சித் தொட்டியை மேற்பார்வையிட்டவர்கள். தொட்டியின் முன் வரிசையில் நின்றவர்களின் குரலை அறிய வேண்டுமானால் பாட்டைத்தான் நாட வேண்டும்.

அந்தப் பாட்டுகள் பலதரப்பட்டவை. மாயூரத்தில் முன்சீபாக இருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் பிள்ளை, தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனை பாடினார். வேதநாயகரும் பஞ்சம் தீர வேண்டி இறைவனிடம் முறையிட்டுப் பாடினார். 1878இல் வெளிவந்த அவருடைய சர்வசமய சமரசக் கீர்த்தனைகளில் அத்தகைய பாடல்கள் உள்ளன. இது ஒரு வகை: கடவுளிடம் வேண்டுதலும் கொடையாளரைப் போற்றுதலும்.

இன்னொரு வகை கும்மி. பஞ்சத்தைப் பற்றி எழுந்த கும்மிப் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சில் தந்தவர் புலவர் செ. இராசு. பெண்கள் வட்டமாகச் சுற்றிவந்து கைகொட்டிப் பாடும் மெட்டில் பட்டினிச் சாவைப் பாடலாமா என்று இன்று நமக்குத் தோன்றக்கூடும். எழுத்தறிந்தவர் மிகச் சிலரே இருந்த காலம் அது. மனத்தில் தங்க வேண்டிய செய்தி, மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில் ஏறினால்தான் தங்கும். பின்னாளில் சென்னை குஜிலிக் கடைத்தெருவிலிருந்து காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்கப்பட்ட வெள்ளச் சிந்துகளும் ரயில் விபத்துச் சிந்துகளும் இதே வழியில் வந்தவை. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் இந்த உலகத்தை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இத்தகைய பஞ்சப் பாடல்கள் எவற்றைப் பேசுகின்றன? தானியம் விற்ற விலை, விற்றுத் தின்ற பண்ட பாத்திரம், கழற்றிக் கொடுத்த நகை, தோண்டித் தின்ற கிழங்கு, பிரிந்துபோன குடும்பம். பொருளியல் படித்தவனுக்கு இந்தப் பட்டியல் வெறும் புலம்பலாகத் தோன்றாது. 1981இல் அமர்த்தியா சென் தம் புகழ்பெற்ற நூலில் ஒரு கருத்தை நிறுவினார்: ஊரில் உணவு இல்லாமற்போவதால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, உணவைப் பெறும் வலிமையை மக்கள் இழப்பதாலும் வருகிறது. தானிய விலை ஏறும்போது கூலி வேலை மறைகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டையும் பாத்திரத்தையும் விற்க வருவதால் அவற்றின் விலை வீழ்கிறது. கடையில் அரிசி இருக்கும். வாங்கக் கையில் ஒன்றும் இராது. விற்ற பொருளையும் வாங்கிய தானியத்தையும் அருகருகே வைத்துப் பாடியவர்கள் இக்கோட்பாட்டை அறிந்தவர்கள் அல்லர். அதன் விளைவை அனுபவித்தவர்கள்.

மூன்றாவது வகைதான் என்னை மிகவும் ஈர்த்தது. சிவகங்கையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளை இயற்றிய 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' 1899இல் அச்சேறியது. பல்லாயிரம் அடிகளில் விரியும் அங்கத நூல் அது. பஞ்சத்தில் வாடிய அடியார்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார்கள். அவரோ தம்மால் ஆகாதென்று சொல்லி, சிவகங்கை ஜமீன்தார் துரைசிங்கத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். இதன் கூர்மை விளங்கப் பழைய கதை ஒன்றை நினைவுகூர வேண்டும். பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்குமாறு சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவன் எழுதியதாகக் கூறப்படும் திருமுகப்பாசுரம், பதினோராந் திருமுறையின் தொடக்கத்தில் இருக்கிறது. அங்கே இறைவன் கடிதம் எழுதுவது அருளால், இங்கே இயலாமையால். கோயில் வாசலில் நின்ற கூட்டத்தைக் கருவூலமும் களஞ்சியமும் உடைய மனிதனின் வாசலுக்குத் திருப்பிவிடுகிறார் புலவர். புரவலரைப் புகழும் நூல் என்று மட்டும் இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கோ, பசிக்குப் பொறுப்பேற்க வேண்டியவன் விண்ணில் இல்லை, மண்ணில் இருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே சொல்லும் நூலாகப் படுகிறது.

பொதுத் துயரத்தைப் பாடும் கவிதையின் வேலை என்ன என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது. முதலாவதாக, அது பெருந்தொகையை ஒரு வீட்டின் அளவுக்குக் கொண்டுவருகிறது. 50 லட்சம் என்ற எண்ணை மனம் வாங்கிக்கொள்வதில்லை. விற்கப்பட்ட ஒரு குடத்தை வாங்கிக்கொள்கிறது. பாரதியாரும் இதையே செய்தார். 1916இல் புதுச்சேரியைத் தாக்கிய புயலைப் பற்றிப் பாடியபோது, நள வருடம் கார்த்திகை 8, புதன் இரவு என்று தேதி குறித்து, ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாக அதை அமைத்தார். ஊரையே புரட்டிய புயல் ஒரு வீட்டுக்குள் இருவர் கேட்ட ஓசையாக நமக்கு வந்து சேர்கிறது.

இரண்டாவதாக, கவிதை கணக்கை மூட விடுவதில்லை. ஒரு துயரத்தின் கோப்பு இழப்பீடு வழங்கியதோடு, ஆணையம் அறிக்கை அளித்ததோடு, வழக்கு முடிந்ததோடு மூடப்படும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். சட்டத்தின் கணக்கில் அது முடிந்த வழக்கு. ஆனால், இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிப் பரப்பிய பாட்டு மேடைதோறும் ஒலித்துக்கொண்டே இருந்தது. தாங்களும் மனிதர்கள்தாம் என்று அது எழுப்பிய முழக்கத்தை எந்தத் தீர்ப்பும் அடக்கவில்லை. வெண்மணியை அறியாத தலைமுறையினர் பலர், பாட்டைக் கேட்ட பிறகே அது என்ன ஊர் என்று விசாரித்தார்கள்.

எல்லாக் கவிதையும் இந்த வேலையைச் செய்துவிடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சப் பாடல்களிலேயே குறை உண்டு. கலியின் கொடுமை, மக்கள் செய்த பாவம், விதியின் விளையாட்டு என்று காரணம் கூறி அமைதி அடைபவை பல. பஞ்சத்துக்கு விதியைக் காரணமாக்கினால், 450 கிராம் தானியம் போதுமென்று கணக்கிட்டவர் தப்பித்துக்கொள்வார். கஞ்சி வார்த்தவரை மட்டும் புகழ்ந்தால், கஞ்சிக்கு வரிசையில் நிற்க நேர்ந்தது ஏன் என்ற கேள்வி மறைந்துபோகும். கண்ணீரை வரவழைத்துக் காரணத்தை மறைக்கும் கவிதை, அழகாக இருந்தாலும் ஆட்சியாளருக்கே உதவுகிறது.

இன்று ஒரு துயரம் நேர்ந்த அரைமணி நேரத்தில் கைப்பேசிகளில் கவிதைகள் நிறைந்துவிடுகின்றன. அவற்றை எழுதுவோரின் உள்ளத்தை நான் ஐயப்படவில்லை. இரக்கம் உடனே பொங்குவது இயல்பு. எனினும், பெரும்பாலானவற்றில் இறந்தவர்கள் மலர்களாகவும் விண்மீன்களாகவும் ஆகிவிடுகிறார்கள். எந்த ஊரில், எந்தக் கதவு பூட்டியிருந்ததால், எந்த மதகு திறக்கப்படாததால் இறந்தார்கள் என்பது அவற்றில் இருப்பதில்லை. அடுத்த வாரம் வேறொரு துயரத்துக்கும் அதே வரிகள் பொருந்திவிடும். அவ்வாறு எங்கும் பொருந்தும் இரங்கற்பா எவரையும் நினைவில் வைத்திருக்கவில்லை என்றே பொருள்.

வில்லியப்ப பிள்ளையின் நூல் அச்சேறியபோது பஞ்சம் முடிந்து 20 ஆண்டுகள் கடந்திருந்தன. நிவாரண முகாம்கள் கலைந்துவிட்டன. கால்வாயில் படகுகள் ஓடின. விதித்தொகுப்புகள் அலுவலக அலமாரிகளில் ஏறிவிட்டன. அப்போதும் ஒருவர் அந்தப் பசியைப் பற்றி எழுத வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தார். துயரம் நேர்ந்த மறுநாள் எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். இழப்பீடு வழங்கி முடிந்து, செய்தியாளர்கள் ஊர் திரும்பிய பிறகு, விசாரணை அறிக்கையையும் இறந்தவர் வீட்டாரின் சொல்லையும் பொறுமையாகக் கேட்டு எழுதுவோரே நமக்கு இன்று வேண்டும்.