கூடுவிட்டுக் கூடுபாயும் ஆட்டங்கள்

கல்லிற் பொறித்த எழுத்து நூற்றாண்டுகள் பல கடந்தும் வாசிக்கப்படுகின்றது. கணினிக்கென எழுதப்பட்ட ஆக்கமோ, அதனை இயக்கும் பொறி பழுதுற்ற அன்றே ஊமையாகிவிடுகின்றது. கணினி விளையாட்டுக்களின் தொடக்க வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஸ்ரீவ் ரசலும் அவர்தம் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வோர்’ என்னும் ஆட்டத்தை ஆக்கினர். திரையின் நடுவே ஒரு விண்மீன். அதன் ஈர்ப்புக்கு உட்பட்டு ஒன்றையொன்று தாக்கும் இரு விண்கலங்கள். அது பிடிபி-1 என்னும் கணினியில் இயங்கியது. அவ்வகைக் கணினிகள் ஐம்பதளவிலேயே செய்யப்பட்டன.

அவ்வாட்டத்தைப் பொதுமக்கள் நாணயமிட்டு ஆடும்படி செய்ய விழைந்தோர் பில் பிற்ஸ், ஹியூ ரக் என்னும் இருவர். பிடிபி-11/20 கணினியைக் கொண்டு அவர்கள் அமைத்த ‘கலக்சி கேம்’ 1971இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. முதற்பொறிக்கு ஆன செலவு ஏறத்தாழ 20,000 டொலர். ஓர் ஆட்டத்துக்குக் கட்டணம் 10 சதம். இரண்டு இலட்சம் முறை ஆடினாலன்றி முதல் மீளாது. ஆகவே அது சந்தைக்குச் செல்லாத மூலப்படிவமாகவே நின்றது. 1979 வரை மாணவர் அதனை ஆடினர். 1997இற் புதுப்பிக்கப்பட்டுப் பின்னர் கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்தது.

இத்தகைய ஆட்டங்களைக் காக்கும் வழி இரண்டு. பழைய பொறியையே செப்பனிடுதல் ஒன்று. மேற்கூறிய நூதனசாலையில் ஒரு பிடிபி-1 இவ்வாறே மீண்டும் இயங்கச் செய்யப்பட்டது. எனினும் உறுப்புக்கள் தேய்வன. அவற்றை அறிந்தோரும் அருகுவர். மற்றையது, பழைய பொறியின் செயலை இக்காலக் கணினியிற் போலச்செய்தல். இதனைச் செய்யும் நிரல் எமுலேற்றர் எனப்படும். துளையிட்ட கடதாசி நாடாவில் எஞ்சிய மூல நிரலைப் படியெடுத்து, அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாய்ப் பழைய பொறி நிறைவேற்றியவாறே அது நிறைவேற்றும். கூடுவிட்டுக் கூடுபாய்தல் என இதனைக் கூறலாம்.

இதற்கு நுணுக்கம் மிக வேண்டும். பிடிபி-1இல் ஒரு சொல் 18 துவித இலக்கங்கள் கொண்டது. அதன் எண்முறையிற் பூச்சியத்துக்கும் நேர், மறை என்னும் ஈருருவங்கள் உண்டு. ஸ்பேஸ்வோரில் விண்மீன் கலங்களை ஈர்க்கும், எறிபடைகளை ஈர்ப்பதில்லை. அவற்றையும் கணிக்கப் பொறிக்கு நேரம் போதாமையே காரணம். இன்றைய கணினிக்கு அத்தடை இல்லை. எனினும் இக்குறையைத் திருத்தினால் அது வேறோர் ஆட்டமாகிவிடும். ஏடு பெயர்த்தெழுதுவோன் தன் கருத்தை இடையே செருகலாகாமை போன்றதே இது.

ஆயினும் எல்லாம் நிரலில் அடங்குவதில்லை. பழைய திரையில் ஒவ்வொரு புள்ளியும் நீலமாய் மின்னி, மஞ்சட்பச்சையாய் மெல்ல மங்கும். கலங்கள் ஒளித்தடம் விட்டுச் செல்லும். இது நிரலில் எழுதப்பட்டதன்று, திரைப்பூச்சின் இயல்பு. போலச்செய்வோர் இதனையும் கணித்துக் காட்டுதல் கூடும். ஆனால் மங்கும் வேகம் சரியோ, நிறம் சரியோ என்று எதனைக் கொண்டு துணிவது? இயங்கும் மூலப்பொறி ஒன்றே அதற்கு உரைகல்.

எனவே படி கிடைத்ததென்று மூலத்தைக் கைவிடுதல் தகாது. மூலம் இயங்கும் காலத்திலேயே படியை அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளல் வேண்டும். உரைகல் அழிந்தபின் பொன்னின் மாற்றை உரைப்பார் யார்?