புது வளவில் தண்ணீரைத் திட்டமிடுதல்

புதிய வீட்டோடு உங்கள் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் கிடைத்திருக்கிறது; ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் என்ன நடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வந்திருக்கும். நடுவதற்கு முன், மழை பெய்யும் ஒரு நாளில் வளவைச் சுற்றிவந்து தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்.

இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மே, ஜூனிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மழை மிகுதி. ஜனவரி முதல் மார்ச் வரையிலோ பீலித் தண்ணீர் நூலாக இளைத்துவிடும். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலையும், புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயங்களின் மேல் மண்ணும் சரிந்தது, விடாத மழை மண்ணுக்குள் இறங்கி ஊறியதால். இதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஆனால் குழி வெட்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்குங்கள் என்று யாராவது சொன்னால், அது சமதரைக்கான யோசனை. வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்வெட்டுக்கு மேலே குழியும் வேண்டாம், வாழைக் கிடங்கும் வேண்டாம்.

மழையைக் கூரையிலேயே பிடியுங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். 550 சதுர அடி வீட்டின் கூரை சுமார் 50 சதுர மீற்றர். ஒரு மாலை 20 மில்லிமீற்றர் பெய்தால், சிந்துவது போக 800 லீற்றராவது சேரும். நிறைந்த 1,000 லீற்றர் தாங்கி ஒரு தொன் எடை என்பதால், நிரப்பிய மண்ணின் விளிம்பில் அதை வைக்க வேண்டாம். வாயை நுளம்பு வலையால் மூடுங்கள். நிரம்பி வழியும் நீரைக் குழாய் வழியே சீமெந்துக் கானுக்கு விடுங்கள், சரிவில் விடாதீர்கள்.

தாகம் அதிகமுள்ள கீரை, மிளகாய், கத்தரியைக் குசினிப் பக்கம் வையுங்கள். அரிசியும் மரக்கறியும் கழுவிய தண்ணீரே அவற்றுக்குப் பெரும்பாலும் போதும். காலையில், வேரடியில் ஊற்றுங்கள். கிளிரிசிடியா இலைகளை வெட்டி அடியில் பரப்பினால் ஈரம் நிற்கும். எல்லைகளில் வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக நடலாம். வேர்பிடித்த பின் தண்ணீர் கேட்காது, மண்ணையும் பிடிக்கும். முன்புறம் புல்தரை அழகுதான். ஆனால் பெப்ரவரியில் அதற்கு வாளி வாளியாக ஊற்றுவது வீண் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கான் வெட்டுவதைத் தேயிலை மலையில் செய்து பழகியவர்களுக்கு நாங்கள் கற்றுத்தர ஒன்றுமில்லை. ஏப்ரலில் அயலவரோடு சேர்ந்து எல்லாக் கான்களையும் துப்புரவாக்குங்கள். உங்கள் கான் அடைத்தால், தண்ணீர் கீழ்வீட்டுக்குள்தான் போகும்.

நேர்ச்சுவருள்ள டின் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, சேர்ந்த மழையை அடிமட்டத்தால் அளக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75ஐத் தாண்டினால், வெளியேற வேண்டும். நிலத்தில் புது வெடிப்போ, திடீரெனக் கலங்கிய ஊற்றோ தெரிந்தால், அளவைப் பார்த்துக்கொண்டிராமல் பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள்.