ரோங்கெலாப் பிள்ளைகளின் கழுத்து

1954 மார்ச் 1, விடிகாலை. பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினியில், ‘காசில் பிராவோ’ என்ற பெயரில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. சுமார் 6 மெகாடன் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வெடித்தது 15. கிழக்கே 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ரோங்கெலாப் தீவில் சில மணி நேரத்தில் வெள்ளைப் பொடி கொட்டத் தொடங்கியது. வெடிப்பில் பொசுங்கிய பவளப்பாறை அது. தலைமுடியில், சாப்பாட்டில், மழைநீர்த் தொட்டியில் எல்லாம் படிந்தது. பிள்ளைகள் அள்ளி விளையாடினார்கள். தொடாதே என்று சொல்ல அங்கே விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை. கப்பல் வந்து ஏற்றிப் போவதற்குள் இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

வாந்தி, தோல் புண், முடி உதிர்தல் எல்லாம் முதல் சில வாரங்களில் வந்து ஆறின. தைராய்டு அப்படி உடனே காட்டிக்கொடுக்கவில்லை.

“எனக்குத் தைராய்டு இருக்கு” என்று நோயின் பெயராகவே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது எல்லோருக்கும் முன்கழுத்தில் இருக்கும் சுரப்பி. ஹார்மோன் தயாரிக்க அதற்கு அயோடின் வேண்டும். ரத்தத்தில் வரும் அயோடினை இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உப்பில் வரும் அயோடினுக்கும் குண்டுத் தூசியில் வரும் அயோடின்-131க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே போன கதிரியக்க அயோடின் வெளிவிடும் பீட்டா கதிர்கள் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதனால் அடி பெரும்பாலும் சுரப்பிக்குத்தான். எட்டு நாளில் பாதி குறைந்து, மூன்று மாதத்தில் அநேகமாகத் தீர்ந்துவிடும். ரோங்கெலாப்பில் சில மணி நேரமே நீடிக்கும் வேறு அயோடின் வகைகளும் சேர்ந்து தாக்கின.

குழந்தைக்கு ஏன் இவ்வளவு பாதிப்பு? பெரியவரின் தைராய்டு 15, 20 கிராம் இருக்கும். ஒரு வயதுக் குழந்தைக்கு இரண்டு கிராம்கூடத் தேறாது. அதே அளவு அயோடின் அந்தச் சின்ன இடத்துக்குள் அடைந்தால் கதிர்வீச்சு பல மடங்காகிறது. வளரும் பிள்ளையின் செல்கள் பிரிந்துகொண்டே இருப்பதால், மரபணுவில் விழுந்த கீறலும் படியெடுக்கப்படுகிறது.

சாதாரண அயோடினால் சுரப்பியை முன்னதாகவே நிரப்பிவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு இடமிருக்காது. பொட்டாசியம் அயோடைடு மருந்து செய்வது அதைத்தான். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது போலந்து அதை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்தது. ஆனால் தூசி வருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்திலோ கொடுத்தால்தான் முழுப் பலன். பெலாரஸிலும் உக்ரைனிலும் மாடு மேய்ந்த புல் வழியே பாலில் இறங்கிய அயோடினைக் குடித்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. நல்லவேளையாக, பெரும்பாலோரைச் சிகிச்சை காப்பாற்றியது.

ரோங்கெலாப்பில் முதல் தைராய்டு கட்டி கண்ணில் பட்டது 1963இல், ஒரு சிறுமியின் கழுத்தில். அயோடின் மறைந்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. பொடி விழுந்தபோது பத்து வயதுக்குட்பட்டிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் கட்டி வந்தது. பலவும் சாதாரணக் கட்டிகள், சில புற்றுநோய்.

என்னை மிகவும் வருத்துவது இரண்டு பையன்களின் கதை. பொடி விழுந்தபோது அவர்களுக்குச் சுமார் ஒரு வயது. கூடப் பிறந்தவர்கள் வளர, இவர்கள் மட்டும் வளரவில்லை. சுரப்பி ஏறக்குறைய செத்துவிட்டிருந்தது. ஆனால் அந்தக் காலத்து ரத்தப் பரிசோதனை புரதத்தோடு ஒட்டிய அயோடினைத்தான் அளந்தது. அந்தத் தீவு மக்களின் ரத்தத்தில் ஹார்மோன் அல்லாத அயோடின் புரதமும் கூடுதலாக இருந்ததால், முடிவு கோளாறைக் காட்டாமல் மறைத்துவிட்டது. எலும்பு வளர்ச்சி பின்தங்கியிருந்ததை எக்ஸ்ரே காட்டியது. 1965இல் ரோங்கெலாப் மக்களுக்குத் தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். பையன்கள் மறுபடி வளர ஆரம்பித்தார்கள்.